நனையாத களிமண்

உள்ளே வந்தவள் உட்காருவதற்கு முன்னால் சுவரைப் பார்த்தாள். கூரையிலிருந்து ஜன்னல் வரை இறங்கியிருந்த விரிசலில் நகத்தை வைத்துத் தடவினாள். "பழைய விரிசல்தான். பயப்பட ஒண்ணும் இல்ல" என்றாள். சொன்ன வேகத்தில் வாயை மூடிக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். இதே வார்த்தைகளை அவள் வேறு சில வீட்டுக்காரர்களிடமும் சொல்லியிருக்கிறாள் என்பதும், அந்த வீடுகள் இப்போது இல்லை என்பதும் கார்க்காரனுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

கார்க்காரன், அவள் தேடி வந்த வீட்டுக்காரரின் மைத்துனன். வாடகைக் கார் ஓட்டுகிறவன். சவாரி இல்லாத நேரமெல்லாம் அக்கா வீட்டில்தான் கிடப்பான். அக்காவின் டீ ஒரு காரணம், அத்தானைத் தேடி வரும் விவகாரங்கள் இன்னொரு காரணம். அத்தான் தொழிற்சாலை பாய்லர்களைச் சோதிக்கும் அரசு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வெடித்துச் சிதறிய இரும்பைப் பொறுக்கி வைத்து, எந்த ஆணி முதலில் கைவிட்டது என்று சொல்வது அவர் வேலை. அந்த வேலையில் இடது காது போனது. 'பாய்லர்' என்ற பட்டப் பெயர் மிஞ்சியது. ஓய்வுக்குப் பிறகும் வெடித்துப் போன விஷயங்களோடு ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

வந்தவள் மாநில நிலவியல் ஆய்வுத் துறையில் அதிகாரி. இப்போது தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பவள். பாய்லர் தன் நல்ல காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் விஷயத்தை ஒழுங்காகவே சொன்னாள், பலமுறை சொல்லித் தேய்ந்துபோன குரலில்.

அந்தத் துறை பொதுமக்களுக்குச் சில வேலைகளை இலவசமாகச் செய்து கொடுக்கிறது. யார் வேண்டுமானாலும் ஒரு கல்லைக் கொண்டுபோய் இது என்ன என்று கேட்கலாம். கிணறு தோண்டுமுன் நிலம் எப்படி என்று கேட்கலாம். என் வீட்டுக்குக் கீழே இருக்கும் மண் தாங்குமா என்றும் கேட்கலாம். போன கோடையில் ஊருக்கு மேற்கே இருக்கும் குன்றிலிருந்து அப்படி ஒரு மனு வந்தது. குன்றில் கீழ் வரிசை, மேல் வரிசை என்று இரண்டு வரிசை வீடுகள். கீழ் வரிசைச் சுவர்களில் கீறல் விழுகிறது, வந்து பாருங்கள் என்றார்கள். அவள் போய்ப் பார்த்தாள். பிறகு துறையின் கிடங்குக்கு வந்து அந்தக் குன்றின் கோரைப் பார்த்தாள்.

"கோர்னா?" என்றான் கார்க்காரன்.

குழாய் போன்ற துளைக்கருவியை நிலத்துக்குள் இறக்கி எடுக்கும் நீளமான கல் உருளை. எந்த ஆழத்தில் என்ன இருக்கிறது என்று அப்படியே வெளியே வந்துவிடும். அதைத் துண்டு துண்டாக வரிசை மாறாமல் மரப்பெட்டியில் அடுக்கி வைப்பார்கள். அந்தக் குன்றில் பல வருஷங்களுக்கு முன் ஏதோ நீர்த்தேக்கத் திட்டத்துக்காக ஒரே ஒரு துளை போட்டிருந்தார்கள். அந்தப் பெட்டியில் அவள் பார்த்ததெல்லாம் மணற்கல். மேலிருந்து கீழ் வரை கெட்டியான மணற்கல். கீறலுக்குக் காரணம் கட்டிய லட்சணம்தான், நிலம் இல்லை, பயப்பட ஒன்றும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

இந்த மழைக்காலத்தில் கீழ் வரிசையின் ஒரு முனை சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். மறுநாள் இயக்குநர் அந்தக் கோர் பெட்டியைத் திறந்தபோது, மணற்கல்லுக்கு நடுவே ஒரு சாண் நீளத்துக்குக் களிமண் இருந்தது. நனைந்தால் சோப்பு மாதிரி வழுக்குகிற வகை. மேலே இருக்கும் மலையைக் கீழே இறக்கிவிட அது போதும்.

"அது அங்க இல்ல சார். நான் பாத்தப்போ அங்க கல்லுதான் இருந்துச்சு. அப்படித்தான் மொதல்ல சொன்னேன்." அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். "இப்ப எனக்கே நிச்சயமில்ல. வேலை போகட்டும், ஜெயிலுக்குக் கூட அனுப்பட்டும். நான் பாக்காம விட்டேனா, இல்ல அது அங்க இல்லையா? நாலு பேர நான் கொன்னேனா இல்லையான்னு எனக்குத் தெரியணும்."



"இன்னொண்ணு இருக்கு" என்றாள் அவள். மேல் வரிசையில் இன்னமும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். அந்தக் களிமண் அவர்களுக்குக் கீழேயும் போகும். ஆனால் குன்றைப் பற்றித் துறை சொன்ன ஒரே வார்த்தை அவள் எழுதிய 'பயம் இல்லை' என்பதுதான். அதை மாற்றி எழுத வேண்டியவள் அவள். அவள் கையெழுத்து இப்போது செல்லாது. விசாரணை முடியுமுன் வேறு யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். போட்டால் பழி தங்கள் பக்கம் திரும்புமோ என்று எல்லோருக்கும் உதறல். "எங்க கவுன்ட்டர் அண்ணன் வீடே மேல் வரிசைலதான் இருக்கு. அவர்கிட்ட கூட கெஞ்சிட்டேன், நீங்களாவது காலி பண்ணுங்கன்னு. ஆபீஸே ஒண்ணும் இல்லைங்குது, நான் எங்கம்மா போறதுன்னாரு."

"சரி" என்றார் பாய்லர். "அன்னிக்குப் பெட்டியத் திறந்ததுலேர்ந்து என்ன செஞ்சீங்க? சொல்ல வேணாம், கையால செஞ்சு காட்டுங்க."

அவளுக்கு இது விசித்திரமாக இருந்திருக்கும். ஆனாலும் எழுந்தாள். இல்லாத மூடியைத் தூக்கினாள். துணியால் தூசி துடைத்தாள். பிறகு வலது கை எதையோ பிடித்தது போல மடங்க, ஆள்காட்டி விரல் மட்டும் சுண்டிச் சுண்டி இழுக்க, கை இடமிருந்து வலமாக நகர்ந்தது. அடுத்து கண்ணில் லென்ஸை வைத்துக் குனிந்தாள். "அவ்வளவுதான். தொடச்சேன், பாத்தேன், எழுதினேன்."

நடுவில் ஏதோ கொசு மருந்து அடிப்பது போலச் செய்தாளே என்று கார்க்காரன் நினைத்தான். அதற்குள் அக்கா டீ கொண்டு வந்தாள். அவன் அதை மறந்து போனான்.

*

நிலவியல் துறையின் கட்டடத்தில் மழை ஒழுகியது. வாசல் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்புக் கூட ஊறி அலை அலையாக நின்றது. கூரை ஒழுகுவதால், இரண்டு மாதங்களுக்கு முன் மழைக்காலம் தொடங்கிய நாளிலிருந்து பள்ளிக் குழந்தைகள் பார்வையிட அனுமதி நிறுத்தப்பட்டிருக்கிறது என்று அது சொன்னது.

உள்ளே நுழைந்ததும் பொதுமக்கள் கவுன்ட்டர். அதற்குப் பின்னால் இருந்தவர்தான் அவள் சொன்ன கவுன்ட்டர் அண்ணன். ஐம்பது வயதிருக்கும். அவரும் நிலவியல் படித்தவர்தான், ஆனால் பல வருஷமாகக் கவுன்ட்டரிலேயே காலம் தள்ளுகிறவர். ஒரு பெரியவர் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்த மினுமினுக்கும் கல்லை அவர் ஆணியால் கீறிக்கொண்டிருந்தார்.

"தங்கமா சார்?" என்றார் பெரியவர் குரலைத் தாழ்த்தி.

"தங்கமா இருந்தா உங்கள வெளிய அனுப்பிட்டுக் கதவப் பூட்டியிருப்பேன். இது வெறும் அபிரகம், காக்காப்பொன். பேரப் பிள்ளைக்கு விளையாடக் குடுங்க." பெரியவர் ஏமாற்றத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். கவுன்ட்டர்காரர் அந்தக் கல்லைப் பொன்னைப் போலவே பத்திரமாக முடிந்து திருப்பிக் கொடுத்தார். கார்க்காரனுக்கு அவரைப் பிடித்துவிட்டது.

பாய்லர் வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடியது. "நல்ல பொண்ணு சார். அவசரக்காரி இல்ல. கண்ணு ஒரு நாள் ஏமாத்திடுச்சு, என்ன பண்றது. யாருக்கு வேணா நடக்கும்" என்றார். கிடங்குச் சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டபோது மறைக்கவில்லை. கிடங்குக்காரரிடம் ஒன்று, இயக்குநரிடம் ஒன்று, பொதுமக்கள் யாராவது கோரைப் பார்க்கக் கேட்டால் காட்டுவதற்காகத் தன்னிடம் ஒன்று.

அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது கார்க்காரன் சும்மா இருக்கவில்லை. கவுன்ட்டருக்குப் பக்கத்தில் ஒரு மேசை. 'நம் ஊரின் அடித்தளம். தொட்டுப் பார்க்கலாம்' என்று எழுதியிருந்தது. மரத்தில் குடைந்த நான்கு பள்ளங்களில் நான்கு கோர் துண்டுகள் தொட்டிலில் பிள்ளை கிடப்பது போலக் கிடந்தன. தொடலாம் என்று எழுதியிருந்தால் அவன் தொடாமல் விடுவதில்லை. மணற்கல் துண்டு ஒன்றைத் தூக்கினான். சாண் நீளம், நல்ல கனம். அதன் தட்டையான முனையில் ஊதா நிறத்தில் ஏதோ கிறுக்கல். இங்கிலீஷ் எழுத்து மாதிரி இரண்டு. முதலில் ஒரு 'ஈ', பக்கத்தில் ஒரு 'எஸ்'.

"போன மாசம் ஸ்கூல் பசங்க வந்தப்ப எவனோ பேரெழுதிட்டான்" என்றார் கவுன்ட்டர்காரர். "எவ்வளவு தேச்சாலும் போகல. ஊரெல்லாம் சுத்தி நம்ம கல்லுலதான் கைவரிசையக் காட்டணுமா?"

கார்க்காரன் சிரித்துக்கொண்டே கல்லை வைத்தான். நிமிரும்போது அலமாரிக்குப் பின்னால் சுருட்டி வைத்த பாயும், டம்ளரில் பல்துலக்கியும் கண்ணில் பட்டன. கவுன்ட்டர்காரரே விளக்கம் சொன்னார். வீட்டில் பெயின்ட் வேலை நடக்கிறது, அந்த வாடை ஒத்துக்கொள்ளவில்லை, நாலு நாளைக்கு ஆபீஸ்தான் வீடு.

கிடங்குக்காரர் வேறு மாதிரி. சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே முன்னால் நடந்தார். "ஆளாளுக்கு வந்து பொணத்தப் பாக்கற மாதிரி பாத்துட்டுப் போறாங்க. நீங்க எந்த ஊர் உறவு?" என்றார். அந்த அம்மாள் தன்னைப் பற்றி இயக்குநரிடம் புகார் செய்தவள், வேலை நேரத்தில் தூங்குகிறேனாம், இப்போது கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியது யார் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது என்றார். அந்தச் சந்தோஷத்தை அவர் ஒளிக்கவில்லை. கார்க்காரன் அப்போதே இவர்தான் என்று முடிவு கட்டிவிட்டான்.

கிடங்கு ஒரு பெரிய கொட்டகை. உத்தரம் வரை அடுக்கிய மரப்பெட்டிகள். நடுவில் நீள மேசை. அதன் ஓரத்தில் ஆணியில் ஒரு தண்ணீர் தெளிப்பான் தொங்கியது. சலவைக்காரர்கள் இஸ்திரி போடும்போது பயன்படுத்துவது போன்றது. கிடங்குக்காரர் பெட்டியைத் திறந்தார். மணற்கல் உருளைகள் வரிசை வரிசையாக இருந்தன. ஆழம் எழுதிய மரக்கட்டைகள் ஆங்காங்கே செருகப்பட்டிருந்தன. ஒரு கட்டையை ஒட்டி அந்தக் களிமண். சாம்பல் பச்சை நிறம், காய்ந்து மேலெல்லாம் நுண்ணிய வெடிப்புகள். துளைக்கருவி வழித்த கோடுகள்கூட அதன் மேல் அழியாமல் இருந்தன.

பாய்லர் களிமண்ணை அதிகம் பார்க்கவில்லை. கட்டையைத்தான் பார்த்தார். அதன் மேலும், கோரைத் தொடும் பக்கவாட்டிலும் 23 என்று எழுதியிருந்தது. எழுத்து ஊதாவாக, மரத்தில் ஊறிப் பரவியிருந்தது. வேறொரு பெட்டியைத் திறக்கச் சொன்னார். அதில் கட்டைகளின் எழுத்து சாம்பல் நிறம்.

"ரெண்டும் வேற வேற பென்சிலா?"

"ஒரே பென்சில்தான். மைப் பென்சில். எழுதறப்ப சாம்பலா இருக்கும், தண்ணி பட்டா ஊதாவாகும். அப்பறம் ஜென்மத்துக்கும் அழியாது" என்றார் கிடங்குக்காரர். "அந்தப் பெட்டிய யாரும் வெளிய எடுக்கறதில்ல. அதான் இன்னும் சாம்பலா கிடக்கு."

பாய்லர் களிமண்ணைத் தூக்கலாமா என்று கேட்டு, இரண்டு கையாலும் பூப்போல எடுத்து, கட்டையைத் தொட்டுக்கொண்டிருந்த முனையைத் திருப்பிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. அப்படியே திருப்பி வைத்துவிட்டு, "குன்றுக்குப் போலாமா, மாப்ளே?" என்றார்.

*

மேல் வரிசைக்குப் போகும் பாதையில் சரிந்த இடத்தைக் கடந்துதான் போக வேண்டும். கயிறு கட்டியிருந்தார்கள். மண்ணுக்கு வெளியே ஒரு பச்சைக் கதவு, பூட்டுப் போட்டபடியே, வீடில்லாமல் நின்றது. கார்க்காரன் ஜன்னலை ஏற்றிக்கொண்டான்.

மேலே எல்லாம் வழக்கம் போல இருந்தது. கொடியில் துணி, எங்கோ குக்கர் விசில். கவுன்ட்டர்காரரின் வீடு பூட்டியிருந்தது. பாய்லர் ஜன்னல் கம்பிக்கு நடுவே மூக்கை வைத்து முகர்ந்தார். பக்கத்து வீட்டிலிருந்து இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வெளியே வந்தாள்.

"சார் இல்லைங்க. வீட்டுல பெயின்ட் அடிக்கறாங்கன்னு எல்லாரும் போயிட்டாங்க. சரிவு நடந்த மறுநாளே போனாங்க. அவங்க மிசஸும் பசங்களும் அவங்கம்மா வீட்டுல."

"பெயின்ட்டர் வந்தாரா?"

அவள் யோசித்தாள். "இன்னும் காணோம். பீரோ, கட்டில் எல்லாம் வண்டில ஏத்திட்டுப் போனாங்க. வீடு முழுக்க அடிப்பாங்க போல" என்றாள். பிறகு, யாரிடமாவது கேட்டுவிட வேண்டும் என்று காத்திருந்தவள் போல, "இங்க ஒண்ணும் ஆகாதில்லைங்க? சார்கிட்ட கேட்டேன். அவர் ஆபீஸ்லயே ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருக்காங்க, நிம்மதியா தூங்குங்கன்னாரு" என்றாள்.

 பதில் சொல்லப் பாய்லருக்கு உரிமையில்லை. குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு இறங்கி வந்தார்.

கார் குன்றிலிருந்து இறங்கியது. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் ஒரு சரக்கு வண்டி தெரிந்தது. கார்க்காரன் தொழில் பழக்கத்தில் அதன் நம்பரைப் படித்தான். கண்ணாடியில் இடம் வலமாக மாறித் தெரியும் எண்களைப் படிப்பது அவனுக்குச் சாதாரணம். ஓரத்தில் ஒதுங்கி வண்டியை நிறுத்தினான். பின்னால் வந்தவன் திட்டிக்கொண்டே போனான்.

"அத்தான். அந்தக் கல்லுல இருந்தது எந்தப் பையன் பேரும் இல்ல."

"ம்."

"இருபத்திமூணக் கண்ணாடில பாத்தா மொதல்ல ஈ மாதிரி வரும், அப்பறம் எஸ் மாதிரி வரும்."

பாய்லர் முதல்முறையாக அவனைத் திரும்பிப் பார்த்தார். "களிமண்ணப் பத்தி மட்டுந்தான் எனக்குத் தெரிஞ்சுது. அது இருந்த இடத்துல வேற எது இருந்ததுன்னு தெரியாம முழிச்சிட்டிருந்தேன். வண்டிய எடு, மாப்ளே. மழை வர்ற மாதிரி இருக்கு."

*

மறுநாள் காலை கிடங்கின் நீள மேசையைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மதியம் விசாரணைக் குழு வருகிறது, அதற்குள் முடித்துவிடுங்கள் என்றார். கிடங்குக்காரர் பெட்டிக்குக் காவல் போல நின்றார். கவுன்ட்டர்காரர் ஓரமாகக் கை கட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் யாரையும் பார்க்காமல் கதவோரம் நின்றாள்.

பாய்லர் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டு வரச் சொன்னார். இயக்குநரின் அனுமதியோடு களிமண்ணின் ஓரத்திலிருந்து ஒரு சுண்டைக்காய் அளவு பெயர்த்து அதில் போட்டார். எல்லோரும் பார்த்தார்கள். கட்டி ஒரு பெருமூச்சு விடுவது போலக் குமிழி விட்டது. ஓரங்கள் உதிர்ந்தன. கொஞ்ச நேரத்தில் டம்ளரின் அடியில் சேறுதான் இருந்தது.

"இது எங்களுக்குத் தெரிஞ்சதுதானே" என்றார் இயக்குநர்.

"உங்களுக்குத் தெரியும். எனக்கு நேத்துதான் தெரியும். அதனால நான் முட்டாள் மாதிரி ஒண்ணு கேக்கறேன். கோரப் பாக்கறதுக்கு முன்னாடி நீங்க என்ன செய்வீங்க?"

"துடைப்போம். பார்ப்போம்."

"நடுவுல?"

இயக்குநர் புரியாமல் விழித்தார். பாய்லர் ஆணியில் தொங்கிய தெளிப்பானை எடுத்து மேசை மேல் வைத்தார். காய்ந்த கல்லில் நிறமும் வரியும் சரியாகத் தெரியாது, நனைத்தால்தான் துலங்கும். அந்தத் துறையில் தண்ணீர் தெளிக்காமல் யாரும் கோரைப் பார்த்ததில்லை. அது அவர்களுக்குக் கண் சிமிட்டுவது மாதிரி. செய்வதாகவே நினைவில் இருக்காது. அதனால்தான் அந்தப் பெண் விசாரணையில் எத்தனையோ முறை சொல்லியும் அதை மட்டும் சொல்லவில்லை. விசாரித்தவர்களும் கேட்கவில்லை. அவளுடைய வாய் விட்டுவிட்டதை அவளுடைய கை காட்டிக்கொடுத்தது.

"இந்தப் பெட்டி நனைஞ்சிருக்கு. கட்டையில எழுதினது ஊதாவாகி ஊறிக் கிடக்கு. அதை ஒட்டி இருக்கற களிமண்ணுல துளைக்கருவியோட கோடுகூட அழியல. அது மட்டும் நனையவே இல்ல."

"துளை போட்ட அன்னிக்கே தண்ணி பட்டு ஊதாவாகியிருக்கலாமே" என்றார் இயக்குநர். கேள்வி நியாயமானது.

"என்னிக்கு வேணா நனையட்டும். நனைஞ்ச அன்னிக்குக் கட்டைய ஒட்டிக் களிமண் இருந்திருந்தா, அதோட முனையிலயும் ஊதா ஏறியிருக்கணும். திருப்பிப் பாருங்க."

இயக்குநர் திருப்பிப் பார்த்தார். ஊதாவின் சுவடே இல்லை.

"அப்ப அன்னிக்கு அந்த இடத்துல இருந்தது எது?" பாய்லர் மைத்துனனுக்குத் தலையசைத்தார். கார்க்காரன் வெளியே போய், தொட்டுப் பார்க்கும் மேசையிலிருந்து அந்த மணற்கல் துண்டைக் கொண்டு வந்தான்.  பாய்லர் களிமண்ணை எடுத்துவிட்டு, கல்லை அந்த இடத்தில் வைத்தார். பொருத்தமாக உட்கார்ந்தது. மறுபடி எடுத்து, ஊதாக் கிறுக்கலுக்கு எதிரே கார்க்காரனின் சிறிய கைக்கண்ணாடியைப் பிடித்தார்.

கண்ணாடியில் 23 தெளிவாகத் தெரிந்தது.

கதவோரம் நின்றவள் அருகில் வந்தாள். கல்லைக் கையில் வாங்கி, கட்டைவிரலால் அதன் வரிகளைத் தடவினாள். "இதுதான்" என்றாள். "இந்தச் செவப்புக் கோடு எனக்கு ஞாபகம் இருக்கு. நான் பாத்தது இதத்தான்." அவள் குரலில் மகிழ்ச்சி எதுவும் இல்லை. நின்றபடியே மேசையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

கிடங்குக்காரர் தன் சாவிக்கொத்தை ஆட்டுவதை நிறுத்தியிருந்தார். சாவி மூன்று பேரிடம் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும். "நான் இல்லைங்க" என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

"நீங்க இல்ல" என்றார் பாய்லர். "மைப் பென்சிலப் பத்தி எனக்குச் சொன்னதே நீங்கதான்." கவுன்ட்டர்காரர் பக்கம் திரும்பினார். "போன மாசம் ஸ்கூல் பசங்க எழுதினாங்கன்னு சொன்னீங்க. மழை ஆரம்பிச்ச இந்த ரெண்டு மாசமா ஒரு பிள்ளையும் இங்க வரலைன்னு உங்க வாசல்லயே ஒட்டியிருக்கு. கல்லு எங்க போய் வந்துச்சுன்னு தெரிஞ்ச ஒருத்தருக்குத்தான் அந்த மாதிரி ஒரு கதை தேவைப்படும்."

கவுன்ட்டர்காரர் கட்டிய கையைப் பிரிக்கவில்லை.

"வீட்டுல பெயின்ட்னீங்க. அங்க பெயின்ட் வாடையே இல்ல. பீரோவோட போயிருக்கீங்க. மேல் வரிசையில காலி பண்ணது நீங்க ஒருத்தர்தான்."

கூரையில் மழை பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில் அவர் பேசியது பாதிதான் கேட்டது. பாய்லர் நல்ல காதைத் திருப்ப வேண்டியிருந்தது. போன கோடையில் அந்த மனு கவுன்ட்டருக்குத்தான் முதலில் வந்தது. பெட்டியில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். குன்று ஆபத்து என்று துறை எழுதிவிட்டால் அவர் வீட்டை ஒருவனும் ஏறிட்டுப் பார்க்க மாட்டான். பாதி ஆயுளை அதில் கொட்டியிருக்கிறார். "மலை அத்தன வருஷமா நிக்குது. இன்னும் கொஞ்ச நாள் நிக்காதான்னு நெனச்சேன். அதுக்குள்ள வித்துட்டு எறங்கிடலாம்னு." அவள் வரும் முன் களிமண்ணை எடுத்துவிட்டு, கவுன்ட்டர் மேசையிலிருந்த கல்லை வைத்தார். மேசையின் காலிப் பள்ளத்துக்கு வேறு கல் போட்டார். சரிவு நடந்த அன்று, புதிதாகத் துளை போட்டால் களிமண் வெளியே வரும், பெட்டியில் அது இல்லை என்றால் எடுத்தவனைத் தேடுவார்கள் என்று பயந்தார். எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் திருப்பி வைத்தார். அப்போது தேட வேண்டியிருக்காது. பார்க்காமல் விட்டவள் என்று ஒருத்தி தயாராக இருப்பாள்.

"அந்தக் களிமண்ணத் தண்ணில கரைச்சு ஊத்தியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே" என்று கார்க்காரன் தன்னையறியாமல் கேட்டுவிட்டான். "கல்லையாவது ஆத்துல போட்டிருக்கலாமே."

கவுன்ட்டர்காரர் அவனை உண்மையிலேயே புரியாமல் பார்த்தார். "கோர் துண்ட எப்படித் தம்பி தூக்கிப் போடறது?" என்றார். "டிராயர்ல துணி சுத்தி வெச்சிருந்தேன். அந்த மலைக்குக் கீழ என்ன இருக்குன்னு சொல்றதுக்கு அது ஒண்ணுதான் இருக்கு."

மேசையைச் சுற்றி இருந்தவர்களில் நிலவியல் படித்த மற்ற இருவரும் அதைக் கேட்டுத் தலை குனிந்தார்கள். அவர்களில் யாரும் அதைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டார்கள். மனிதர்களை அந்த மலையில் விட்டுவிட்டு, மலையின் ஒரு சாண் துண்டை மட்டும் கவுன்ட்டர்காரர் பத்திரப்படுத்தியிருந்தார்.

இயக்குநர் ஏதோ முறைப்படி சொல்லத் தொடங்கினார். குழு கூடட்டும், அறிக்கை போகட்டும் என்றார்.

"மழை பெய்யுது சார்" என்றாள் அவள். "என் கையெழுத்து இப்ப செல்லுமா, செல்லாதா?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். பணிநீக்கத்தை ரத்து செய்கிறேன் என்று நின்றபடியே எழுதிக் கொடுத்தார். அவர் பேனாவை வாங்கியே, மேல் வரிசையைக் காலி செய்யச் சொல்லும் எச்சரிக்கையில் அவள் கையெழுத்துப் போட்டாள்.

*

கார்க்காரன் அவளையும் அத்தானையும் ஏற்றிக்கொண்டு குன்றுக்கு ஓட்டினான். ஆட்களை வெளியேற்ற ஒரு போலீஸ் வண்டி பின்னால் வந்தது.  பச்சைக் கதவைக் கடக்கும்போது அவள், "நான் பாத்திருந்தா இங்க எல்லாரும் இருந்திருப்பாங்க" என்றாள்.

"பாக்கறதுக்கு அது அங்க இல்லையேம்மா" என்றான் கார்க்காரன்.

"ஒரே துளைதான். ரெண்டாவது துளை போடுங்கன்னு நான் கேட்டிருக்கலாம். கேக்கல." பாய்லர் மறுத்துச் சொல்லவில்லை. இரும்பைப் பொறுக்கிய காலத்தில் ஆறுதல் சொல்லும் பழக்கம் அவருக்கு வரவே இல்லை.

மேல் வரிசையில் மழைத் தண்ணீர் படிக்கட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் முதல் வீட்டிலிருந்து கதவுகளைத் தட்டத் தொடங்கினாள். பூட்டிய வீட்டைத் தாண்டி, அடுத்ததைத் தட்டினாள். இடுப்பில் குழந்தையோடு அந்தப் பெண் வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் உள்ளே ஓடாமல் பக்கத்து வீட்டுப் பூட்டையே பார்த்தாள்.

"பெயின்ட் அடிக்கறாங்கன்னாரே." குரல் மெல்ல வந்தது. "அப்ப அவருக்குத் தெரியுமா?"

 கதவைத் தட்டியவள் கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"கேஸ அணைச்சிட்டு வாங்கக்கா. வேற எதுவும் எடுக்க வேணாம்."